கதாநாயகி எடை குறைத்த விதம்

வயிறு வலிக்கச் சிரிக்கப்போகிறீர்கள். ஆனால் நான் சொன்ன பிறகுதான்.

எங்கள் படத்தில் எருமை பூங்காவனம் அக்காதான் கதாநாயகி. மைனாவான எனக்கு அவள் முதுகில் உட்கார்ந்து வரும் வேடம். அதுதான் என் முதல் படம். இயக்குநர் ஒரு வெள்ளாடு. எனக்கோ எல்லார் குரலும் வரும். சும்மா இருப்பேனா? கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆட்டின் குரலில் கத்தினேன்: "ஏம்மா பூங்காவனம், நீ கேமராவுக்குள்ளயே அடங்கல! நாளைக்குள்ள எடையைக் குறைக்கிற!"

இதைச் சொன்ன எனக்குக் கால்கள் இரண்டும் தீக்குச்சி.

பொறுங்கள், இன்னும் சிரிக்காதீர்கள்.

மறுநாள் போனால், அக்கா நிம்மதியாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தாள். அதே வயிறு, அதே இடுப்பு.

"என்னக்கா, எடையைக் குறைக்கலையா? டைரக்டர் திட்டப்போறாரு!"

"குறைச்சிட்டேனே. முதுகைப் பாரு."

பார்த்தேன். அலகில் மஞ்சள் மை பூசிக்கொண்டு ஒரு சிட்டுக்குருவி என் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"இடுப்புல கைவைக்க மனசு வரலடி. வேற எங்க குறைக்கலாம்னு தேடினேன், நீதான் கெடச்ச. டைரக்டரும் சரின்னுட்டாரு."

"அவரா?"

"ஆமா. நேத்து நீ கத்துறப்போ என் பக்கத்துலதான் நின்னு போஸ்டரைத் தின்னுக்கிட்டிருந்தாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ம், இப்போது சிரியுங்கள்.