பெரிய வியாழன் தண்ணீர்

இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் பூசையில், கால் கழுவப்பட வேண்டிய பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசி வந்திருந்தார்கள். “எனக்கு என்னய்யா மிச்சம் வச்சிருக்கீங்க?” என்று சிரித்த பங்குச் சாமியார், தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே நடந்தார். பன்னிரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

உப்பள வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கிய சண்முகக்கனி தெருவோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் தன் முன்னால் மண்டியிட்டதும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம் சாமி. நான் உங்க கோயிலுக்கு வாரவ இல்ல.”

“அதனாலதான் தாயி நாங்க வந்திருக்கோம்.”

அவள் தயங்கித் தயங்கிக் காலை நீட்டினாள். மூன்று நாளாக யாருக்கும் காட்டாமல் அவள் கட்டியிருந்த துணி தண்ணீரில் அவிழ்ந்தது. உள்ளங்கால் வெடிப்பில் சீழ் பிடித்திருந்தது.

“இத வச்சிக்கிட்டா உப்புல நின்னீங்க? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“நாளைக்கு நான் போகலன்னா என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாங்க சாமி.”

பன்னிரண்டு பேரில் ஒருவரான மீன்பிடிக்கும் மச்சாது முன்னால் வந்தார். “நாளைக்குப் பெரிய வெள்ளி, நான் கடலுக்குப் போகமாட்டேன். நீங்க எந்திரிச்சு நடக்குற வரைக்கும் ஒங்க எடத்துல நான் நிக்கேன்க்கா.”

“உப்பு சுமந்திருக்கியாய்யா?”

“இல்ல. எப்படின்னு சொல்லிக் குடுங்க.”

சண்முகக்கனிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சாமியார் அவளுடைய விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் உப்பு காய்ந்த கையை அவருடைய குனிந்த தலைமேல் வைத்தாள்.