மீதம் இரண்டு

கட்டளை சொன்னால் நிரலை எழுதித் தரும் கருவியில் தில்லைநாதனுக்கு இரண்டு புராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வீடியோ கேம், மற்றொன்று மருத்துவமனைப் பதிவேடு. 'ஒருவருக்கு மூன்று உயிர்' என்ற கேம் விதியை அந்த புராஜெக்ட்டின் செட்டிங்ஸில் எழுதாமல், சோம்பலில் எல்லாவற்றுக்குமான பொது செட்டிங்ஸில் எழுதித் தொலைத்திருந்தான். கருவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்று மருத்துவமனையிலிருந்து அவசரமாக அழைத்தார்கள். ஓடினான். கவுண்டரில் ஒரு அம்மாள் கணவரின் இறப்புச் சீட்டை நீட்டினாள். பெயர், வயது, இறந்த நேரம் காலை 6.40. அதற்குக் கீழே: மீதம் இரண்டு உயிர்.

அவன் சீட்டை வாங்கக் கை நீட்டினான். "தப்பா பிரிண்ட் ஆயிடுச்சும்மா, குடுங்க, மாத்திடறேன்."

அவள் சீட்டைச் சட்டென்று நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"மாத்தாதீங்க தம்பி. அடுத்த உயிர் எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க."