ஐஸ் வைத்தவர்

“உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?”

மயக்க டாக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார். உள்ளே பத்து வயது மகன் குடல்வால் வலியில் சுருண்டு கிடக்கிறான். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மாமனார்.

“யாருக்கும் இல்லை டாக்டர். எங்க பரம்பரையே கல்லு மாதிரி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில பேர் தசைக்கு மயக்க வாயு ஆகவே ஆகாது. உடம்பு விறைச்சு நெருப்பாக் கொதிக்கும். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம். பன்னிரண்டு வருஷமா இதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்.”

மாப்பிள்ளையின் கை தானாகக் காதுக்குப் போனது.

அந்தக் காதுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டும் முறம் மாதிரி விரிந்திருந்தன. யாருக்கும் தெரியாமல் வெளியூர் போய், ஆபரேஷன் செய்து ஒட்ட வைத்துக்கொண்டார். ஊசியைக் கண்டாலே நடுங்குகிறவர், “முழுசா மயக்கிடுங்க” என்று கெஞ்சிக் கேட்டார். மயக்கினார்கள். மேஜையிலேயே விறைத்துப்போய், நூற்றேழு டிகிரி காய்ச்சல். பிழைத்ததே பெரிய பாடு. ‘பிள்ளைகளுக்கும் வரலாம், ஜாக்கிரதை’ என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தை, பஸ் ஏறுவதற்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டார்.

மகன் பிறந்தான், பழைய காதோடு.

“அப்படியே மாமாவை உரிச்சு வச்சிருக்கான்!” என்று பழியை மாமனார் தலையில் கட்டினார் மாப்பிள்ளை. “உங்க களை வேற யாருக்கு மாமா வரும்?” என்று கூடவே ஒரு தடவல். மாமனாரும் சிரித்துக்கொண்டு தன் காதைத் தடவிக்கொள்வார்.

“எங்கப்பாவுக்கு ஐஸ் வைக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை” என்பாள் மனைவி.

இப்போது அவள் முறைத்தாள். “காதை ஏன் நோண்டறீங்க? டாக்டருக்குப் பதில் சொல்லுங்க.”

“அப்போ, யாருக்கும் இல்லைன்னு எழுதிடலாமா?” டாக்டரின் பேனா படிவத்தைத் தொட்டது.

உள்ளேயிருந்து “அப்பா...” என்று மகன் முனகினான். அவ்வளவுதான், மாப்பிள்ளை உடைந்துபோனார்.

“எழுதாதீங்க டாக்டர்! எனக்கே வந்திருக்கு. காது ஆபரேஷன்ல செத்துப் பிழைச்சேன்!”

“காதா?” மனைவி அவர் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “அப்போ இது ஒட்ட வச்ச காதா? பத்து வருஷமா எங்கப்பாவைச் சொன்னீங்களே!”

டாக்டர் பேனாவை மூடினார்.

“எனக்குத் தெரியும். உங்க மாமனார் காலையிலேயே என்னைத் தனியாப் பிடிச்சுச் சொல்லிட்டார். அந்த வாயுவே வேண்டாம்னு வேற மருந்து தயாரா வச்சிருக்கோம். பயப்படாதீங்க. உங்க வாயாலயும் வரட்டும்னுதான் கேட்டேன்.”

டாக்டர் உள்ளே போனார். மாப்பிள்ளை திரும்பினார்.

“மாமா... உங்களுக்கு எப்படி?”

“நான் எந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ரிடையர் ஆனேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா மாப்பிள்ளே? நீங்க கொதிச்ச அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல எனக்குத்தான் டியூட்டி. கல்யாணம் பேச வந்தப்பவே கண்டுபிடிச்சுட்டேன்.”

“அப்புறம் ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லலை?”

“தியேட்டருக்குள்ள பார்த்ததை வெளியில பேசற வழக்கம் எனக்கில்லை. இன்னைக்குப் பேரன் உயிராச்சே, டாக்டர் காதுல மட்டும் போட்டேன்.”

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மாமா, நீங்க மனுஷனே இல்லை. தெய்வம்! உங்க மனசு யாருக்கு வரும்!”

மாமனார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“போதும் மாப்பிள்ளே, ஐஸ் வைக்காதீங்க. அன்னைக்கு உங்களுக்குத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஆறு பக்கெட் ஐஸ் வச்சவன் நான். என்கிட்டயேவா?”