திடீர்க் கரிசனம்

ஒரு வாரமாக மில்லில் எல்லோரும் ஜக்கம்மாள் மேல் பாசத்தைக் கொட்டினார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வேடசந்தூர் ரோட்டு நூல் மில்லில் யாரும் யாருக்கும் சும்மா ஒரு டீ வாங்கித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. வேலையை விட்டுத் தூக்கப்போகிற ஆளை மட்டும், பாவம் என்று விழுந்து விழுந்து கவனிப்பார்கள். போன வருஷம் வேலை போன உடையப்பனையும் அப்படித்தான் அனுப்பிவைத்தார்கள்.

"செத்த நேரம் உக்காருங்கக்கா, உங்க மிஷினையும் நானே பாத்துக்கிறேன்" என்று நிலக்கோட்டை மல்லிகையை அவள் தலையில் வைத்துவிட்டாள் பக்கத்து மிஷின் தீபா. போன மாதம்வரை முகங்கொடுத்துப் பேசாதவள்.

"நீங்க இல்லேன்னா இந்த மில்லே ஓடாதுக்கா" என்று மத்தியானச் சாப்பாட்டில் தன் கறித்துண்டுகளை அவள் தட்டில் தள்ளினான் அதே செக்சன் மோகன்குமார்.

கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள். அறுந்த நூலை ஒட்டக்கூட அவளுக்குக் கையில் தெம்பில்லை.

சனிக்கிழமை மானேஜர் கூப்பிட்டார். உள்ளே போனாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீதான் சூப்பர்வைசர், ஜக்கம்மா. உன் செக்சன்ல மூணு பேரைக் குறைக்கணும். யார் யாருன்னு நீதான் சொல்லணும். போன வாரமே எல்லாருக்கும் தெரியுமே, உன்கிட்ட யாரும் சொல்லலையா?"

ஜக்கம்மாள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். தீபா கையாட்டிச் சிரித்தாள்.

எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை தெம்பு, நிமிர்ந்து நின்றாள்.

"மூணு பேர் போதுமா சார்?"