கடைசித் தூக்குப் பை

அநியாயம் பள்ளத்துத் தெருவுக்குத்தான். மீட்புக் கிடங்கு வாசலில் முதலில் வந்து நின்றது அவர்களுடைய வேன். கடைசியாக மிச்சமிருந்த தூக்குப் பையோ, அதற்குப் பின்னால் வந்த மேட்டுக் குடியிருப்பு ஜீப்பில் ஏறப்போகிறது.

"ஐயா, ஒரு நிமிஷம்! வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

கேட்டவள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இன்னும் ஒரு வழக்கும் நடத்தியதில்லை. ஆனால் மீட்புக் குழுவில் எல்லோருக்கும் அவள் 'வக்கீலம்மா'.

கிடங்குக்காரர் நிமிரவில்லை. தட்டையான அந்த ரப்பர் பையை விரித்து, விரலால் தடவித் தடவி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடிந்து கிடக்கும் தளத்துக்கு அடியில் அதைச் செருகிக் காற்றடைத்தால் போதும், ஒரு லாரி கனத்தையே ஒரு சாண் தூக்கிவிடும். அந்த ஒரு சாணில் ஒரு உயிர் வெளியே வந்துவிடும்.

"உங்க பக்கம் எத்தனை இடத்துல தட்டுற சத்தம் கேக்குது?" என்றார்.

அங்கே அதுதான் முறை. இடிபாட்டின் மேல் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, எல்லோரும் மூச்சை அடக்கி, ஒரு நிமிஷம் காது வைத்துக் கேட்க வேண்டும். எத்தனை இடத்தில் சத்தமோ, அதை வைத்துத்தான் சாமான்.

காலையில் பூமி குலுங்கிய பிறகு அவளும் அப்படிக் காது வைத்தாள். நாலு மாடிக் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியிலிருந்து, டொக், டொக். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. "இதோ வந்துடறோம்!" என்று குனிந்து கத்திவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

"ஒரு இடத்துல," என்றாள்.

"மேட்டுல ஆறு."

"ஆறுன்னு யாரு எண்ணினது? அதிகாரிங்க குடியிருப்பாச்சே, ஆறு என்ன, அறுபதுகூடக் கேக்கும்!"

ஜீப்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, நானே காது வெச்சு எண்ணிட்டு வரேன். பொய் சொல்ல எனக்கென்ன வேண்டுதலா?"

"உங்களைச் சொல்லலண்ணே. இவரைக் கேக்கறேன்." கிடங்குக்காரர் பக்கம் திரும்பினாள். "சத்தம் கேக்கலன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா? மயங்கிக் கிடக்கிறவங்க தட்டுவாங்களா? கை மாட்டிக்கிட்டவங்க தட்டுவாங்களா? சொல்லுங்க."

"நியாயமான கேள்விதாம்மா," என்றார் அவர். பையைச் சுருட்டி ஜீப்பில் வைத்தார். "ஆனா, கேட்ட சத்தத்துக்குத்தான் என்னால சாமான் குடுக்க முடியும்."

ஜீப் பறந்தது.

அவர் உள்ளே போய் நாலு லாரி ஜாக்கியைத் தூக்கி வந்து வேனில் அடுக்கினார். கூடவே கோணி நிறைய மரக்கட்டை. கோணி வாயைக் கட்டும்போது முடிச்சு நழுவியது. மறுபடி போட்டார். மறுபடியும் நழுவியது.

"கிடங்குல இருக்கிறவருக்கு முடிச்சுப் போடவே தெரியலை," என்றாள் அவள், அவர் காதில் விழும்படியே.

மூன்றாவது தடவை முடிச்சு நின்றது.

"ஜாக்கியை அரை அங்குலம் ஏத்தணும், உடனே கட்டையைச் சொருகணும். அப்புறம் இன்னொரு அரை அங்குலம். அவசரப்பட்டா தளம் சரிஞ்சிடும். பொறுமையா போனா ரெண்டு மணி நேரத்துல ஒரு ஆள் நுழையற இடம் கிடைக்கும்."

"அந்தப் பை இருந்தா?"

அவர் கோணியைத் தள்ளி வேனுக்குள் ஏற்றினார்.

"பத்து நிமிஷம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேன்காரர் ஹாரனை அடித்தார். "வக்கீலம்மா, வாதாடினது போதும். ஏறு!"

"இருங்கண்ணே. இதைக் கேக்காம வந்தா எனக்கு ஜென்மத்துக்கும் ஆறாது." ஏற வைத்த காலைக் கீழே இறக்கினாள். "பத்து நிமிஷத்துல முடியற வேலை. அதை ரெண்டு மணி நேரம் ஆக்கிட்டீங்க. உள்ள இருக்கிற ஆளு அதுவரைக்கும் தாங்குமா தாங்காதான்னு உங்களுக்கென்ன கவலை? நீங்க பாட்டுக்கு நிழல்ல நின்னு சாமானை எடுத்துக் குடுப்பீங்க. உண்மையைச் சொல்லுங்க, மேட்டுல உங்களுக்கு யாரு இருக்கா? அண்ணனா, தம்பியா, மாமனார் வீடா?"

உள்ளே வயர்லெஸ் கரகரத்தது. ஆற்றங்கரைக் குழுவுக்குக் கயிறு வேண்டுமாம். "எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்குங்க," என்று அதற்குச் சொல்லிவிட்டு, அவர் அவளிடம் திரும்பினார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மேட்டுல எனக்கு யாரும் இல்லம்மா. போன மாசம்தான் வாடகைக்குக் குடிவந்தோம், உங்க பள்ளத்துத் தெருவுல, இடிஞ்ச அதே நாலு மாடிக் கட்டடத்துல, ரெண்டாவது மாடி."

வேன்காரரின் கை ஹாரனிலிருந்து தானாக இறங்கியது.

அவர் வேனின் பின்கதவைச் சாத்தி, தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"காலையில என் சம்சாரம் வீட்லதான் இருந்தா. ஒரு இடத்துல சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னியேம்மா... அது அவளா இருக்கணும்."