எருமை ஏன் தலையாட்டியது?

குளத்தங்கரையில் ஒரு கொக்கு இருந்தது. குல வழக்கங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய அது, தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பறவைகளின் ஆய்வு அவையில் இடம் கிடைக்க வேண்டுமானால், புதிதாக ஒன்றைக் கண்டு சொல்ல வேண்டும். அதனால் ஒரு மாதமாக எருமையின் தலைமேலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தது.

"நிமிஷத்துக்கு நாலு தடவை தலையாட்டுது. இது எருமைக் குலத்தோட வழிபாடு" என்றது கொக்கு.

மனோதத்துவம் படித்த மைனா சிரித்தது. "வழிபாடாவது மண்ணாவது! கன்னுக்குட்டியா இருந்தப்போ பட்ட பயம் உள்மனசுல கிடக்குது."

"எருமையக்காகிட்டயே கேட்டுடலாமா?" என்றது கொக்கு.

"அடி பைத்தியமே! அவங்ககிட்டயே கேட்டா அது ஆராய்ச்சியா?"

எருமைக்குப் பொறுமை போய்விட்டது. "கேக்காமலே சொல்றேன், தங்கச்சி. உன் நகம் என் காதுல குத்துது."

கொக்கு பதறிக் கீழே குதித்தது. தலையாட்டல் நின்றுவிட்டது.

"ஒரு மாச உழைப்பு போச்சே! பேசாம வழிபாடுன்னே வாசிச்சிடு. எருமையா வந்து மறுக்கப்போகுது?" என்றது மைனா.

மாலையில் கொக்கு அவைமுன் நின்றது. உள்ளதை உள்ளபடியே சொன்னது. "எருமை தலையாட்டினதுக்குக் காரணம், அது மேல உக்காந்திருந்த நான்தான்."

மரங்கள் ஏன் அதிர்கின்றன என்று பத்து வருஷமாக ஆராய்ந்துவந்த அவைத் தலைவர் மரங்கொத்தி, தன் குறிப்புகளை மெல்ல இறக்கைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"உக்காரும்மா. உனக்கு இடம் உண்டு" என்றார்.