நகப்பூச்சுப் பொட்டு

கோப்பாய்த் தேவாலயத்தில் மாப்பிள்ளை தாலியை உயர்த்துகிறான். கலியாணப் படமெடுக்க வந்த இருவரில், தாலிப் படம் இன்று அபிகாயிலுடையது என்றுதான் பேச்சு. அவளுடைய கமராவில் பற்றரி விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது. நெடும்படத்துக்காகக் கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்ததில் முழங்கை அந்தரத்தில் தூக்கி நிற்கிறது. பக்கத்தில் கூட்டாளி றொபினின் முழங்கைகளோ விலாவோடு சுகமாக ஒட்டியிருக்கின்றன. அவனுடைய கமராவின் அடியில், நெடும்படத்துக்கு வசதியாகப் பிடிக்கிற, இரண்டு பற்றரி கொள்ளும் கைப்பிடியான கிறிப். யன்னல் வெயிலில் அதன் மூலை பளிச்சிடுகிறது: அடையாளத்துக்கென்று அவள் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு. “உன்ரை கிறிப் பழுதாப் போச்சு தங்கச்சி, திருத்தக் குடுத்திட்டன்” என்று காலையில் சொன்ன வாய், “பற்றரி முடிஞ்சுதே? நீ போய்ச் சார்ஜ் போட்டிட்டுப் பிறகு பந்தியை எடு, தாலியை நான் பாக்கிறன்” என்று இப்போது கிசுகிசுக்கிறது. “ஓம் அண்ணை.” இன்னும் ஒரு படத்துக்குத்தான் கமராவில் உயிர் இருக்கிறது. அவள் அதைத் தாலியிலிருந்து விலக்கி, அந்தப் பொட்டின் மேல் குவித்து அழுத்துகிறாள்.